மலிவான பைப்: ரேகையை விடுங்கள், துளையைப் பாருங்கள்

புகையிலை பிடிக்கும் பைப் ஒன்றை, அதுவும் விலை குறைந்ததைக் கையில் எடுத்ததும், எல்லோரும் புகையிலை அடைக்கும் கிண்ணத்தைத் திருப்பித் திருப்பி மரத்தின் ரேகையைத்தான் பார்க்கிறார்கள். நான் முதலில் வாயில் வைக்கும் குழலை, அதாவது ஸ்டெம்மைக் கழற்றுவேன். பல வருடம் லேத்திலும் டிரில்லிங் மெஷினிலும் நின்றவன். எதைக் கொடுத்தாலும் துளை நேராகப் போயிருக்கிறதா, சென்டர் விலகியிருக்கிறதா என்றுதான் கண் போகும். பைப் வாங்கும்போது இந்தப் பழக்கம் நன்றாகவே கைகொடுக்கிறது. புகையிலை போட ஓர் அகலத் துளை, புகையை வாய்க்குக் கொண்டுவர ஓர் ஒடுங்கிய துளை. இந்த இரண்டும் சரியான இடத்தில் சந்தித்துவிட்டால் எந்த மலிவுப் பைப்பும் ஒழுங்காக இழுக்கும். சந்திக்காவிட்டால் மேலே எவ்வளவு பளபளப்பு ஏற்றினாலும் வாயில் வருவது கசப்புத் தண்ணீர்தான்.

கொஞ்ச காலமாக நான்கு பைப்புகளை மாற்றி மாற்றிப் பிடித்து வருகிறேன். மிசூரி மீர்ஷாம் நிறுவனத்தின் ‘கன்ட்ரி ஜென்டில்மேன்’ ஒன்று. பெயர் முத்திரையே இல்லாத பிரையர், அதாவது வேர்க்கட்டைப் பைப் ஒன்று. ‘ரோஸ்வுட்’ என்று எழுதிய பெட்டியில் ஏகப்பட்ட சாமான்களோடு வந்த செட் ஒன்று. யாரோ வருடக்கணக்கில் பிடித்துவிட்டு விற்ற பழைய பைப் ஒன்று.

வாங்கும் இடத்திலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு பைப் கிளீனரை, அதாவது பஞ்சிழை சுற்றிய மெல்லிய கம்பியை, ஸ்டெம்மின் வாய்ப்பக்கத்திலிருந்து உள்ளே விடுங்கள். அது தங்கு தடையில்லாமல் போய்க் கிண்ணத்துக்குள் தலை நீட்ட வேண்டும். வளைந்த பைப்பில், கிண்ணத்திலிருந்து நீளும் தண்டும் ஸ்டெம்மும் சேரும் இடத்தில் முட்டும். லேசாகத் திருகியதும் போய்விட்டால் பரவாயில்லை. அடம் பிடித்தால் பைப்பைக் கீழே வைத்துவிடுங்கள். அடுத்து, டார்ச் அடித்துக் கிண்ணத்தின் அடியைப் பாருங்கள். காற்றுத்துளை அடித்தரையை ஒட்டி, நடுவில் வந்து திறந்திருக்க வேண்டும். துளை தரைக்கு மேலே ஏறியிருந்தால் அதற்குக் கீழே கிடக்கும் புகையிலைக்குக் காற்று போகாது. மேலே எரியும்போது இறங்கும் ஈரமெல்லாம் அங்கே தேங்கிச் சேறாகிவிடும். துளை தாழ்ந்து போய்த் தரையில் வாய்க்கால் மாதிரி கோடு விழுந்திருந்தால் மன்னிக்கலாம், அதை அடைத்துக்கொள்ள வழி இருக்கிறது. கடைசியாக, வெறும் பைப்பை வாயில் வைத்து இழுத்துப் பாருங்கள். விசில் சத்தம் வந்தால் எங்கோ ஒடுங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

கண்ணுக்குச் சட்டென்று தெரியாத ஒரு குறையும் உண்டு. ஸ்டெம்மின் சொருகுமுனையின் நீளத்தையும், அது போய் உட்காரும் பள்ளத்தின் ஆழத்தையும் ஒரு தீக்குச்சியை விட்டு அளந்து பாருங்கள். பள்ளம் அதிக ஆழமாக இருந்தால், சொருகிய பிறகு உள்ளே ஒரு காலியிடம் நிற்கும். புகையோடு நீராவியும் வருகிறது அல்லவா? ஒடுங்கிய துளையில் வேகமாக வந்த ஆவி, இந்த அகலமான இடத்துக்கு வந்ததும் வேகம் குறைந்து, சுழன்று, குளிர்ந்து, நீராகப் படிந்துவிடும். பைப் பிடிக்கும்போது கேட்கும் அந்தக் களகள சத்தத்துக்கு இது ஒரு முக்கியக் காரணம். புகையிலையைக் குறை சொல்கிறவர்கள் பாதிப் பேர் இந்தக் காலியிடத்தைப் பார்த்ததே இல்லை. 9 மி.மீ. ஃபில்டருக்காகத் துளைத்த பைப்பை ஃபில்டர் இல்லாமல் பிடித்தாலும் இதே கதைதான். ஃபில்டர் வேண்டாம் என்றால் அதற்கான அடாப்டரைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இனி ஒவ்வொன்றாக வருகிறேன்.

கன்ட்ரி ஜென்டில்மேன் சோளக்கதிர் பைப். மக்காச்சோளக் கதிரில் மணியை உதிர்த்த பிறகு மிஞ்சும் நடுத்தண்டைக் காயவைத்து, கடைந்து, வெளிப்பக்கக் குழிகளில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பூசித் தேய்த்துச் செய்கிறார்கள். அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் வாஷிங்டன் என்ற ஊரில் ஹென்றி டிபி என்ற டச்சுக்காரத் தச்சர் 1869-ல் தொடங்கிய தொழில் இது. பிளாஸ்டர் பூசும் முறைக்கு 1878-ல் காப்புரிமை வாங்கினார்கள். நிறுவனம் இன்றும் அதே ஊரில்தான் இருக்கிறது. அமெரிக்க ராணுவத் தளபதி ஜெனரல் மெக்கார்தரின் வாயில் புகைப்படங்களில் தொங்குமே, அந்த வகைப் பைப்தான். பெயரில் மீர்ஷாம் இருந்தாலும் துருக்கியின் எஸ்கிஷெஹிரில் தோண்டி எடுத்துப் பைப் கடையும் மீர்ஷாம் என்ற வெள்ளைக் கனிமத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

கன்ட்ரி ஜென்டில்மேனின் அடிப்பாகத்தில் கட்டியான மரத்தக்கை வைத்து அடைத்திருக்கிறார்கள். இதனால் அடி ஓட்டையாகிவிடும் என்ற பயம் இல்லை. எடை மிகக் குறைவு. பல்லில் கடித்துக்கொண்டே வேலை பார்க்கலாம், தாடை வலிக்காது. கிண்ணத்தின் சுவர் ஈரத்தைக் குடித்துக்கொள்வதால் புகை உலர்வாக வருகிறது. முதலில் சில முறை கதிர் கருகும் வாசனை தெரியும், கொஞ்சம் இனிப்பாகக்கூட இருக்கும். பிறகு அது போய்விட்டது. ஸ்டெம் பிளாஸ்டிக். மெத்தென்று இருப்பதால் பல் பதிந்துவிடுகிறது, அச்சு விளிம்பில் லேசான பிசிறும் இருந்தது. மெல்லிய எமரி தாளில் தேய்த்ததும் சரியாகிவிட்டது. ஸ்டெம்முக்குள் வரும் 6 மி.மீ. காகித ஃபில்டரை நான் எடுத்துவிட்டேன், இழுப்பு தாராளமாயிற்று. நடுவில் ஒருதரம் கிளீனர் விட்டு ஈரத்தை எடுக்க வேண்டியிருக்கும். எனக்கு அது தொந்தரவாகத் தெரியவில்லை.

சோளக்கதிர் பைப் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சில மாடல்களில் மரத்தண்டின் முனை கிண்ணத்துக்குள்ளேயே துருத்திக்கொண்டிருக்கும். அது கருகும்போது சுவை கெடும். அதை அறுக்கவோ குடையவோ வேண்டாம். சுருட்டுச் சாம்பலைச் சில சொட்டுத் தண்ணீரில் குழைத்து, காற்றுத்துளைக்குள் ஒரு கிளீனரைச் சொருகி வைத்துக்கொண்டு, துளையின் கீழ்விளிம்பு வரை அடித்தரையில் பூசி, நன்றாகக் காயவிடுங்கள். கெட்டியாக நிற்கும். பிரையரில் தாழ்ந்து போன துளைக்கும் இதே வைத்தியம்தான்.

முதல் பைப் எது என்று கேட்டால் நான் யோசிக்காமல் சோளக்கதிரைச் சொல்வேன். இதைப் பழக்க வேண்டிய வேலை (அது என்ன என்று பின்னால் சொல்கிறேன்) அநேகமாகக் கிடையாது என்பதும் ஒரு காரணம்.

பிரையர் என்பது மத்தியதரைக்கடல் பக்கம் வளரும் எரிகா ஆர்போரியா என்ற புதர்ச்செடியின் வேர்முண்டு. மண்ணுக்கடியில் தண்டும் வேரும் சேருமிடத்தில் உருண்டு திரண்டிருக்கும் கட்டையை வெட்டி, மணிக்கணக்கில் கொதிக்கவைத்து, மாதக்கணக்கில், நல்ல சரக்கானால் வருடக்கணக்கில் உலரவிடுகிறார்கள். நெருப்பைத் தாங்குவதில் வேறு மரம் இதற்குப் பக்கத்தில் வராது. ஆனால் மண்ணுக்குள் வளர்வதால் உள்ளே சின்னச் சின்னக் குழிகள் இருக்கும். குழியில்லாத கட்டைக்குத்தான் பெரிய விலை. குழி விழுந்த கட்டையில் புட்டி என்ற அடைப்புப் பசையை அடைத்து, மேலே அடர்ந்த சாயம் பூசி, குறைந்த விலைக்கு விடுகிறார்கள்.

என்னிடமிருக்கும் பெயரில்லாத பிரையர் அந்த வகை. பக்கவாட்டில் மிளகளவு புட்டி ஒன்று, தண்டின் கீழே நீளவாக்கில் இன்னொன்று. சூடு ஏறினால் புட்டியும் மரமும் ஒரே அளவில் விரிவதில்லை, நாளாவட்டத்தில் புட்டி லேசாகப் புடைத்துக்கொண்டு நிற்கும். பார்க்க அசிங்கம், அவ்வளவுதான். புகைக்கு ஒரு கெடுதலும் இல்லை. கிண்ணத்தின் உட்சுவரில் புட்டி இருந்தால் மட்டும் வாங்காதீர்கள். கையில் காசு குறைவு, ஆனால் பிரையர்தான் வேண்டும் என்கிறவருக்கு என் யோசனை: வழவழப்பானதை விட்டுவிட்டு, சொரசொரப்பாகக் கொத்தியதையோ மணல் வீசித் தேய்த்ததையோ எடுங்கள். குழிகளைக் கொத்திலேயே மறைத்துவிடலாம் என்பதால் அதற்கு விலை குறைகிறது. கட்டை அதே கட்டை, துளை போடும் கைகளும் அதே கைகள். பெரிய தொழிற்சாலைகள் தங்கள் சரக்கை வேறு பெயரில் குறைந்த விலைக்கு விடுவதும் உண்டு. இத்தாலியின் சாவினெல்லிக்கு ‘ரோஸ்ஸி’ அப்படி.

போலந்தின் ப்ஷெமிஷ்ல் நகரம் பேரிக்காய் மரத்தில் பைப் செய்வதற்குப் பேர் பெற்றது. பார்க்க அழகானவை, எடையும் இல்லை. பிரையரைவிடச் சீக்கிரம் சுடும். மெதுவாகப் பிடிக்கத் தெரிந்தவருக்கு அது ஒரு குறையில்லை.

அந்த ‘ரோஸ்வுட்’ செட் ஒரு நண்பர் அன்பளிப்பாகக் கொடுத்தது. பெட்டியைத் திறந்தால் ஸ்டாண்டு, தோல்பை, ஃபில்டர்கள், ஸ்கிரீன்கள், லைட்டர் என்று நிறைந்திருக்கிறது. பைப்பைத் தவிர மற்றதெல்லாம் ஒழுங்காக இருந்தன. கிண்ணத்துக்குள் டார்ச் அடித்தால் காற்றுத்துளை தரையிலிருந்து ஒரு பென்சில் கனம் மேலே திறந்திருக்கிறது, அதுவும் ஒரு பக்கமாக விலகி. டிரில் பிட் கட்டையில் நுழையும்போதே வழுக்கியிருக்கிறது. துளையின் இடத்தை முதலில் குத்திக் குறிக்கும் சென்டர் பஞ்ச் வைக்காமல் துளைத்தால் வருகிற கோளாறு இது, பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த பையன்கள் செய்வது. ஸ்டெம்முக்குள் முறுக்கிய உலோகத் துண்டு ஒன்று. புகையைக் குளிர்விக்கும் என்று பெட்டி சொல்கிறது. குளிர்வித்து, அங்கேயே தண்ணீராக்கி, நாக்குக்கு அனுப்புகிறது. மேலே கண்ணாடி போல வார்னிஷ். பிடிக்க ஆரம்பித்த அன்றே விளிம்போரம் கொப்புளம் கிளம்பிவிட்டது, எரிந்த வார்னிஷ் வாசனை வேறு. அந்த மரம் என்ன மரம் என்பதும் எனக்குச் சந்தேகம்தான். மரத்தின் பெயரை உறுதியாகச் சொல்லாத பைப்பில், சாயம் தோய்த்த ஏதோ ஒரு கட்டையைக் கொளுத்தி மூச்சில் வாங்க எனக்கு இஷ்டமில்லை. இப்போது அது ஸ்டாண்டில் அலங்காரமாக நிற்கிறது. செட்டாக வருவதை வாங்காதீர்கள்.

பழைய பைப்பைப் பற்றிப் பலருக்கு அருவருப்பு. யாரோ வாயில் வைத்தது என்று நினைத்தால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். ஆனால் ஒரே காசுக்குப் புதிதில் கிடைப்பதைவிட ஒரு படி மேலான கட்டை பழையதில் கிடைக்கும், பழக்கும் வேலையையும் முந்தைய ஆள் செய்து முடித்திருப்பார். பார்க்க வேண்டியவை: தண்டில் விரிசல், ஸ்டெம்மில் பல் துளைத்த ஓட்டை, கிண்ணத்தின் வெளிப்பக்கத்தில் தனியாக ஒரு கருத்த திட்டு. கடைசியது உள்ளே சுவர் எரிந்து மெலிந்துபோனதின் அறிகுறி, அதைத் தொடாதீர்கள். ஸ்டெம் பச்சையும் பழுப்புமாக மாறியிருந்தால் பயப்பட வேண்டாம். அது வல்கனைட், அதாவது கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பர். வெளிச்சம் பட்டால் அப்படித்தான் ஆகும், தேய்த்து மெருகேற்றினால் மறுபடி கருப்பாகிவிடும். அக்ரிலிக் ஸ்டெம்முக்கு இந்தப் பிரச்சினை இல்லை, ஆனால் பல்லுக்குக் கெட்டியாகத் தெரியும்.

உட்புறம் சுத்தம் செய்ய, நல்ல ஆல்கஹாலில் நனைத்த கிளீனர்களைத் தண்டில் விட்டு விட்டு எடுங்கள், அது வெள்ளையாகவே வெளியே வரும்வரை. ஆல்கஹால் வெளிப்பக்கப் பூச்சில் சொட்டினால் சாயம் போய்விடும், கவனம். என்னுடையதில் பழைய ஆள் வாசனைப் புகையிலை பிடித்திருக்கிறார். சோப்புப் போட்ட மாதிரி ஒரு பூவாசம், எவ்வளவு சுத்தம் செய்தும் அடியில் எங்கோ நின்றது. கிண்ணத்தில் கல்லுப்பை நிரப்பி ஆல்கஹால் ஊற்றி இரவு முழுக்க வைக்கச் சொல்வார்கள். வேலை செய்யும், ஆனால் உப்பு தண்டுக்குள் இறங்கினால் விரிசல் விடும் ஆபத்து உண்டு. உப்புக்குப் பதில் பஞ்சை அடைத்து ஆல்கஹால் சொட்டவிட்டேன். பஞ்சு பழுப்பாகி வந்தது, வாசனையும் ஏறக்குறைய போயிற்று.

இனிப் பழக்குவது. புதிய பிரையருக்குத்தான் இது முக்கியம். மரத்தின் உட்சுவரில் மெல்லிய கரிப்படலம் ஒன்று படிய வேண்டும். நெருப்பு நேராக மரத்தைத் தொடாமல் அது தடுக்கும், ஈரத்தையும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். பழைய உபதேசம், முதலில் கிண்ணத்தில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் நிரப்பிப் பிடி, பிறகு பாதி, பிறகு முழுசு என்பது. இதில் நியாயம் இருக்கிறது. புதிதாகப் பிடிக்கிறவர் கிண்ணத்தை நிரப்பி, பாதியில் சலித்துக் கொட்டிவிடுவார். மேலே கரி படியும், அடியில் பச்சை மரமாகவே கிடக்கும். கொஞ்சமாகப் போட்டால் நெருப்பு அடிவரை இறங்கியே ஆக வேண்டும். நிரப்பிப் பிடித்தாலும் அடிச்சாம்பல் வரை பொறுமையாகப் பிடிக்கிறவருக்கு இந்தப் பங்குக் கணக்கெல்லாம் வேண்டியதில்லை.

சுவரில் தேன் தடவு, விஸ்கியில் அலசு என்பவர்களை நம்பாதீர்கள். சர்க்கரை கருகிப் படியும் படலம் மொறமொறவென்று இருக்கும், ஏடு ஏடாக உதிரும். மரத்திலேயே மெதுவாகப் படிவதுதான் நிற்கும்.

இப்போதெல்லாம் மலிவான பைப்புகளில் முக்கால்வாசி உள்ளே கருப்புப் பூச்சோடு வருகின்றன. சிலர் கரித்தூளைப் புளித்த மோரில் குழைத்துப் பூசுகிறார்கள். சிலர் சோடியம் சிலிகேட்டில் குழைக்கிறார்கள். முதலாவது மங்கலாக, விரலில் லேசாக ஒட்டும். அதை அப்படியே விடுங்கள், நல்லதுதான். இரண்டாவது கண்ணாடி மாதிரி உறைந்துவிடும், கெடுதலில்லை, கரி மட்டும் தாமதமாக ஒட்டும். மூன்றாவதாக ஒரு ரகம் உண்டு, வெறும் பெயின்ட் மாதிரி மினுமினுப்பது. அதை நான் 220 நம்பர் உப்புத்தாளை ஒரு கட்டையில் சுற்றி, மரம் தெரியும்வரை மெதுவாகத் தேய்த்து எடுத்துவிடுவேன். குழம்பிப்போய் இரண்டாவதைத் தேய்க்க உட்காராதீர்கள், விடிந்தாலும் தீராது.

பிடிப்பவரின் பொறுமைக்குப் போட்டியாகத் தொழிற்சாலைகளே இறங்கிய காலமும் உண்டு. அமெரிக்காவின் டாக்டர் கிராபோ என்ற பிராண்டுப் பைப்புகளை மெஷினில் வைத்துப் புகைத்து, ஏற்கெனவே பழக்கியது என்று முத்திரை போட்டு விற்றார்கள். வரிசையாகப் பைப்புகள் மெஷினில் மாட்டிக்கொண்டு தானாகப் புகைந்துகொண்டிருப்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வரும், அந்த மெஷினைக் கழற்றிப் பார்க்க ஆசையும் வரும்.

பழக்கும் காலத்தில் எந்தப் புகையிலை என்பது பைப்பைவிட முக்கியம். பர்லி, இல்லாவிட்டால் வாசனை சேர்க்காத வர்ஜீனியா. 1907-லிருந்து வரும் பிரின்ஸ் ஆல்பர்ட் என்ற பிராண்டு, பர்லியை அடிப்படையாகக் கொண்ட கலவை, இந்த வேலைக்கு அலுங்காமல் பொருந்தும். பழவாசனை, வெனிலா வாசனைச் சரக்குகளில் சர்க்கரையும், ஈரம் காக்கச் சேர்க்கும் புரோப்பிலீன் கிளைக்காலும் இருக்கும். கரிக்குப் பதில் பிசுபிசுப்பான தார் படியும். புகையூட்டிப் பதப்படுத்திய லடாக்கியா இலை கலந்ததை எடுத்தால் அந்தப் புகைவாசம் மரத்தில் ஏறிக்கொண்டு இறங்க மறுக்கும். அது பிடித்தவர் அதற்கென்று ஒரு பைப்பை ஒதுக்கிவிடுவது நல்லது.

டப்பாவைத் திறந்ததும் அப்படியே அடைக்காதீர்கள். ஒரு தாளில் பரப்பிக் காற்றாட விடுங்கள். விரலில் கிள்ளி அழுத்திவிட்டு விட்டால் கட்டியாக நிற்காமல் விரிய வேண்டும், அதே நேரம் பொடியாக உதிரவும் கூடாது. நாக்கு எரிகிறது என்று புலம்புகிறவர்கள் பெரும்பாலும் ஈரப் புகையிலையை வேகமாக இழுத்து, நீராவியால் நாக்கை வேகவைத்துக்கொள்கிறார்கள். அடியில் தளர்வாக, நடுவில் சற்று அழுத்தி, மேலே இன்னும் கொஞ்சம் அழுத்தி நிரப்புங்கள். ஒவ்வொரு அடுக்குக்கும் இழுத்துப் பாருங்கள், இழுப்பு இறுகினால் கொட்டிவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள். முதல் நெருப்பு மேற்பரப்பைக் கருக்க மட்டும். புகையிலை புடைத்து எழும், அதை அமுக்கும் கருவியான டேம்பரால் மெதுவாக அமுக்கிவிட்டு இரண்டாவது முறை பற்ற வையுங்கள். தீக்குச்சியானால் தலை எரிந்து முடியட்டும். ஜெட் லைட்டர் கிண்ண விளிம்பைக் கரியாக்கிவிடும்.

வேகம் தெரிய வேண்டுமானால் கிண்ணத்தைக் கன்னத்தில் ஒட்டிப் பாருங்கள். வைத்திருக்க முடியவில்லையென்றால் கீழே வைத்துவிடுங்கள். அணைந்தால் அணையட்டும், மறுபடி பற்றவைப்பதில் அவமானம் ஒன்றுமில்லை. பழகாத பிரையரைச் சுடச்சுட இழுத்தால் சுவரில் ஓரிடம் எரிந்து குழி விழும், அப்புறம் கரி எவ்வளவு படிந்தும் பிரயோஜனமில்லை. மென்மையான புகை என்று ஏமாந்து நுரையீரலுக்கும் இழுக்காதீர்கள். இழுக்காவிட்டாலும் உதடு, நாக்கு, தொண்டைப் புற்றுநோய்க்கு பைப் வழிவிடுகிறது என்பதில் மருத்துவர்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. இதுவரை பழக்கமில்லாதவர் என் விமர்சனத்தைப் படித்துவிட்டுத் தொடங்க வேண்டாம்.

முடிந்ததும் கிண்ணத்தின் வாயைக் கட்டைவிரலால் மூடி, மிஞ்சிய சாம்பலை நன்றாகக் குலுக்குங்கள், சுவரெல்லாம் பூசிக்கொள்ளும். பிறகு கொட்டிவிட்டுக் கிளீனர் விடுங்கள். சூடாக இருக்கும்போது ஸ்டெம்மைக் கழற்றாதீர்கள். மரம் விரிந்திருக்கும் நேரத்தில் திருகினால் பொருத்தம் தளரும், சொருகுமுனை ஒடிந்தாலும் ஒடியும். ஒரு நாளாவது பைப்பைச் சும்மா விடுங்கள், உள்ளீரம் வற்றட்டும். அதனால்தான் விலையுயர்ந்த ஒன்றைவிட மலிவான இரண்டை வாங்கச் சொல்கிறேன். கரி ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் வரை இருக்கலாம். அதற்குமேல் தடித்தால் சூட்டில் கரி விரியும் வேகத்துக்கு மரம் ஈடுகொடுக்காமல் கிண்ணம் பிளந்துவிடும். சுரண்டுவதற்குக் கூர்முனைக் கத்தி ஆகாது, அடித்தரையில் குழி பறித்துவிடும். முனை மழுங்கியது எடுங்கள்.

சாமான்களில் வேண்டியது இரண்டுதான். டேம்பர், குத்தூசி, சுரண்டி மூன்றும் ஒரே ஆணியில் கோத்து வரும் செக் டூல் ஒன்று. அதன் ரிவெட் லூசாக வந்தால் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் போதும். அடுத்து பைப் கிளீனர், கட்டுக்கட்டாக. சொரசொரப்பு முள் கலந்தது சிலதும் மிருதுவானது நிறையவும் வாங்கி வையுங்கள். ஸ்டாண்டு, தோல்பை, வெல்வெட் உறை இதற்கெல்லாம் செலவழிக்கும் காசை இன்னொரு சோளக்கதிர் பைப்பில் போடுங்கள்.